தானோவுக்குப் போன சூப்

எல்லோரும் எழுதும் பெரிய இணையத் தளத்தை விட்டுப் போவதாகப் போவாடி அறிவித்ததைக் கானாவின் குமாசி நகரம் ஒரு திங்கட்கிழமை காலை வானொலியில் கேட்டது. இறுதிச் சடங்கு அறிவிப்புகள் தொடங்குவதற்கு முன், தன் கால்பந்து நிகழ்ச்சியின் கடைசி இரண்டு நிமிடங்களை அதற்கென்றே அவர் ஒதுக்கி வைத்திருந்தார்.

"அங்க மனுஷன் மனுஷன்கிட்ட பேசறதில்ல. கூட்டம் கூட்டத்தப் பார்த்துக் கத்துது. இந்த வயசுல எனக்கு அது வேண்டாம். நான் அடிவோவுக்குப் போறேன். மரியாதையா பேசணும்னு நினைக்கிறவங்க என் பின்னால வாங்க" என்றார்.

ஒலிவாங்கியை அணைத்ததும் பக்கத்தில் இருந்த சக ஊழியன் சார்ப்பொங், "அண்ணே, வெள்ளிக்கிழமை மேட்ச் இருக்கு. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்குள்ள திரும்பி வந்துடுவீங்களா, இல்ல இடைவேளையிலயா?" என்று கேட்டான். போவாடி சிரிக்கவில்லை.

தொண்ணூறாயிரம் பேர் அவரைப் பின்தொடர்ந்த இடம் அந்தப் பெரிய தளம். போன மாதம் நடுவர் செல்லாது என்று சொன்ன ஒரு கோலுக்கு அவர் நேரலையில் மூன்று நிமிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பையன் அந்தக் குரலை எடுத்து, ஓர் ஆட்டின் உடலில் அவர் முகத்தை ஒட்டி, சின்னப் படமாக்கிவிட்டான். தபால் நிலையத்திலும் தேவாலய வாசலிலும்கூட ஜனங்கள் அவரைப் பார்த்து மெதுவாக 'மே' என்றார்கள். கிளம்பியதற்குக் காரணம் அந்த ஆடுதான். ஆனால் அவர் எழுதிய பிரியாவிடையில் ஆடு இல்லை. பேச்சின் மாண்பு, சமூகத்தின் வீழ்ச்சி, நம் முன்னோர் சபையில் பேசிய விதம் என்று பத்தி பத்தியாகப் போயிற்று. அந்தப் பதிவின் கீழே சில நூறு பேர் 'நல்லபடியா போயிட்டு வாங்க' என்றார்கள். ஒருத்தி தன் தலைமுடிப் பின்னல் கடையை விளம்பரம் செய்தாள். மாலையில் ஒரு பாடகனின் கல்யாணச் செய்தி வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது.

அடிவோ என்றால் வீட்டின் உள்முற்றம். நகரின் பான்டாமா பகுதியில் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ் அஃப்ராகோமா தொடங்கிய சின்ன இணையக் குழு அது. தன்னிடம் பிள்ளை பெற்ற பெண்கள் விளம்பரமும் வசவும் இல்லாமல் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் அவர்களுடைய கணவர்கள் வந்தார்கள், தம்பிகள் வந்தார்கள். இப்போது இருநூறு பேர் இருக்கலாம். அங்கே இதயக் குறி கிடையாது. யார் எத்தனை பேரால் படிக்கப்பட்டார் என்று காட்டும் எண்ணும் கிடையாது. புதிதாக வருபவருக்கு முதலில் ஒரு சுரைக்குடுவைத் தண்ணீரின் படத்தை அனுப்புவார்கள். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பது போலவே, "இங்கே எல்லாம் சுகம், வழி நடந்து வந்தவர் நீங்கள், வந்த சேதி என்ன?" என்று கேட்பார்கள்.

போவாடி வந்த சேதியை வெகு நீளமாகச் சொன்னார். ஒரு நாள் கழித்து, டெப்பாவில் கோகோ நிறுக்கும் குமாஸ்தா ஒருவர் பதில் எழுதினார்: "கேட்டுக்கொண்டோம். வாருங்கள். குமாசியில் மழை உண்டா?"

நர்ஸம்மா ஒரு விஷயத்தில் மட்டும் கறார். காலையில் ஒருவர் வணக்கம் சொன்னால், பதில் சரியாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாத பெரிய பெண்மணிக்கு 'யா எனா' என்றால் போதும், 'ஆமாம் தாயே' என்பது மாதிரி. ஆனால் வணக்கம் சொன்னவரின் தகப்பன் வழி தெரிந்திருந்தால் அந்த வழிக்கு உரிய சொல்லைத்தான் சொல்ல வேண்டும். நகரத்தில் பாதிப் பேருக்கு அது மறந்துபோய்விட்டது. அடிவோவில் ஒவ்வொருவரும் மற்றவர் வழியைக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார்கள். நர்ஸம்மாவின் தகப்பன் வழி பொசும்ட்வே ஏரியைச் சேர்ந்தது. அவருக்கு 'யா எசொன்' என்று சொல்ல வேண்டும். போவாடி ஆரம்பத்தில் இரண்டு தடவை தவறாகச் சொல்லி, எல்லோர் முன்னிலும் திருத்தப்பட்டார். அதற்கப்புறம் தினமும் பல் தேய்த்துக்கொண்டே விரல் தானாக அடிக்கும் அளவுக்கு அது பழகிவிட்டது.

பழகாதது அங்கிருந்த அமைதிதான். பழைய விளையாட்டரங்கைப் பற்றி மனம் ஒன்றி ஒரு கட்டுரை எழுதிப் போட்டார். இரண்டு நாள் எந்தச் சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் ஆஷ்டவுன் டூஃபியே எழுதினாள்: "என் வீட்டுக்காரர் அந்த அரங்கத்தின் வாசலில் வறுத்த கடலை விற்றவர். நீங்கள் சொன்ன வாசல் அப்போது கிடையாது." டூஃபியே விதவை. சமையல் வேலைக்குப் போகிறவள். பதில் அவ்வளவுதான். ஆனால் அதை நாலு பேர் படித்து, அவளுடைய கணவரைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். போவாடியின் நடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சும்மா ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தார். பழைய கணக்கை மூடியாகிவிட்டது, ஒரு கணக்கும் இல்லாமல் பெரிய தளத்தை எட்டிப் பார்க்க முடியாது. வானொலி நிலையத்துக் கழிப்பறையில் உட்கார்ந்து ஒரு புதுப் பெயர் வைத்தார். சுவாமே தானோ. சுவாமே நகரத்தின் லாரிப் பட்டறைப் பகுதி. படத்துக்கு ஒரு பழைய மரப்பெட்டி லாரி. தன் பெயரை அங்கே தேடினார். ஆடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் இப்போது அதற்கு வேறு ஒருவனின் முகம். போவாடி போய்விட்டார் என்று வருத்தப்பட்டோ சந்தோஷப்பட்டோ எழுதியவர் எவருமில்லை.

ஆகவே தானோ எழுதினார்: "போவாடி இங்கே எழுதாத காலைப் பொழுது உப்பில்லாத சோறு. அந்த மனிதரை விரட்டிவிட்டோம். யாருக்காவது வெட்கமிருக்கிறதா?"

மூன்று பதில்கள் வந்தன. ஒருத்தன், "எந்தப் போவாடி? அசாஃபோல ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவரா?" என்று கேட்டான். இன்னொருத்தன், "அவர் பாட்டிமார் கூட்டத்துல சேர்ந்துட்டார், நிம்மதியா இருக்கட்டும் விடு" என்றான். மூன்றாவது பதில் காப்பீட்டு விளம்பரம். தானோ விடவில்லை. போவாடியின் குரல், அறிவு, இருபத்தைந்து வருட உழைப்பு என்று தினமும் வாதாடினார். எழுதும்போது போவாடிக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அனுப்பியதும் காது சூடாகும். இரண்டும் ஒரே நிமிடத்தில் நடக்கும்.

டூஃபியேயின் மகள் அதைப் பார்த்துத் தாயிடம் காட்டினாள். டூஃபியே அப்படியே படம் பிடித்து அடிவோவில் போட்டுவிட்டாள். "நம்ம போவாடியைத் தேடி ஒரு மனுஷர் தனியா அழுதுட்டு இருக்கார். அத்தனை பேர் நடுவுல ஒருத்தர்கூட ஆறுதல் சொல்லல. இவரை இங்க கூப்பிடக் கூடாதா?"

அடிவோ அவ்வளவு பரபரப்பாக இருந்து போவாடி பார்த்ததில்லை. வரிசையாக எழுதினார்கள். பாவம் என்றார்கள். இப்படி ஒரு நண்பர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். போவாடி, இவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அடிவோ முழுக்க அவர் பெயராகவே இருந்த முதல் நாள் அது.

"தெரியும்" என்று எழுதினார். "பழைய லாரி டிரைவர். சுவாமேயில் இருக்கிறார். நல்ல மனிதர்."

மறுநாள் காலை நர்ஸம்மாவே பெரிய தளத்துக்குப் போய்த் தானோவுக்கு வணக்கம் சொன்னார். போவாடி அப்போது இரண்டு செய்திகளுக்கு நடுவில், ஒரு காதில் ஒலிக்கருவியோடு இருந்தார். கைப்பேசியில் நர்ஸம்மாவின் பெயரைப் பார்த்ததும் விரல் பதிலை அடித்து அனுப்பிவிட்டது. அவர் கவனம் பந்தயப் பட்டியலில் இருந்தது. பிறகு நிதானமாக, தானோவின் பெயரில் இன்னொன்றும் எழுதினார். அழைப்புக்கு நன்றி, ஆனால் கால் வீங்கிப் படுக்கையில் கிடக்கிறேன், புது இடத்துக்கு வந்து பழகத் தெம்பில்லை. இதோடு தானோ ஓய்ந்துவிடுவார் என்று அவர் எண்ணினார்.

அடிவோக்காரர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை பான்டாமாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் கூடுவார்கள். அந்தச் சனிக்கிழமை போவாடி போனபோது, டூஃபியே மேசைமேல் ஒரு பெரிய சூட்டுக்குடுவையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இலையில் சுற்றிய ஃபுஃபு, இடித்துப் பிசைந்த கிழங்கு உருண்டை.

"ஆட்டுக்கறி சூப். காரம் குறைச்சுதான் போட்டேன், நோயாளிக்கு ஆகாதுன்னு. எங்க வீட்டுக்காரருக்கும் கால்லதான் ஆரம்பிச்சுது ஐயா. வீக்கம்தானேன்னு விட்டுட்டோம். தானோ ஐயாவ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பார். உங்க மேல அவ்வளவு பிரியம் வெச்சிருக்காரே."

"சொல்றேன்க்கா. வலது கால்தான் ரொம்ப வீங்கியிருக்கு."

"வீட்ல பார்த்துக்க யார் இருக்கா?"

"யாருமில்ல" என்றார் போவாடி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது. டூஃபியே சூப்பின் மேல் மூடியை இன்னொரு தடவை இறுக்கினாள்.

நர்ஸம்மா கோழிக்காலைக் கடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "ஆறறதுக்குள்ள கொண்டுபோய்க் குடு" என்று மட்டும் சொன்னார்.

போவாடி சுவாமே வரைக்கும் காரை ஓட்டினார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. பட்டறைகளுக்குப் பின்னால், எண்ணெய் ஊறிய மண்ணில் வண்டியை நிறுத்தினார். சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று குடுவையைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. தக்காளியும் இஞ்சியும் மணத்தன. காரம் குறைத்த சூப்பு. கொட்டக் கை வரவில்லை. வெயிலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குனிந்து, யாரோ துரத்துகிறது போல ஃபுஃபுவைப் பிய்த்துப் பிய்த்து முக்கி விழுங்கினார்.

ஒரு மெக்கானிக் கண்ணாடியைத் தட்டினான். "அண்ணே, வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் நிக்கிறீங்க?"

"சாப்பிடறேன்."

அவன் குடுவையையும் அவர் விரல்களையும் பார்த்தான். "ஏன், பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடலையா?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அன்று சாயங்காலம் தானோ பெரிய தளத்தில் எழுதினார்: "முகம் தெரியாத ஒரு தாய் அனுப்பிய சூப்பு. கடவுள் அவரைக் காக்கட்டும்." எழுதாமல் விட்டால் டூஃபியே, கிடைத்ததா என்று போவாடியிடமே கேட்பாள். அதனால் எழுதினார். அவள் சந்தோஷத்தில் அடிவோவில் அறிவித்தாள். அடுத்த சனிக்கிழமை தானே இன்னொரு குடுவை கொண்டுபோகப் போகிறாள். யார் யார் கூட வருகிறீர்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் நர்ஸம்மா கைப்பேசியில் கூப்பிட்டார்.

"போவாடி, தானோ எப்படி இருக்கார்?"

"பரவாயில்ல நர்ஸம்மா. வீக்கம் வத்தியிருக்கு."

"எந்தக் கால்?"

போவாடி தடுமாறினார். "இடது."

"எனக்கு எழுதினப்ப எந்தக் காலுன்னே அவர் சொல்லல. நீதான் கடையில வலதுன்னு டூஃபியேகிட்ட சொன்ன. சரி, கால விடு. நான் அவருக்கு வணக்கம் சொன்னேனே, அதுக்கு என்ன பதில் சொன்னார்னு போய்ப் பாரு. போன வெக்காத, அப்படியே பாரு."

அவர் பார்த்தார். நர்ஸம்மாவின் வணக்கத்துக்குக் கீழே, லாரிப் படத்துக்குப் பக்கத்தில், யா எசொன் என்று இருந்தது.

"எங்க அப்பா எந்த வழின்னு என் சொந்த மருமகனுக்கே தெரியாது" என்றார் நர்ஸம்மா. "சுவாமேல லாரி ஓட்டினவருக்கு யார் சொன்னாங்க?"

நிலையத்தின் நடையில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். போவாடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"சூப்பு குடுத்தனுப்பினப்பவும் தெரியுமா?"

"தெரியும். அங்கயே நீ வாயத் திறப்பேன்னு பார்த்தேன். நீ குடுவையத் தூக்கிட்டுக் கிளம்பிட்ட. இத்தனை வருஷத்துல எவ்வளவோ பொய் கேட்டிருக்கேன் போவாடி, பிரசவ வார்டுல இல்லாத பொய்யா. ஒருத்தரும் இப்படிச் சூடா வாங்கிட்டுப் போனதில்ல."

"நர்ஸம்மா..."

"நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா டூஃபியே நாளைக்கு ஆட்டுக்கறி வாங்கப் போறா. ஆறு பேர் வர்றதாச் சொல்லியிருக்காங்க. எந்த வீட்டுக்கு வர்றதுன்னு நீதான் சொல்லணும்."

அன்று மீதிப் பொழுது முழுவதும் போவாடி வழி தேடினார். அக்ராவில் ஒரு மகள் இருப்பதாகச் சொல்லித் தானோவை அவளிடம் அனுப்பலாம். ஆனால் அவருக்கு யாரும் இல்லையென்று சொல்லியாகிவிட்டது, அக்ராவில் அடிவோக்காரர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள், உடனே பார்க்கப் போவார்கள். தானோவைச் சாகவிடலாமா என்றுகூட யோசித்தார். குமாசியில் ஓர் ஆளைச் சாகவிட்டு விஷயத்தை முடிக்க முடியாது. கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு டெப்பாவிலிருந்து பேருந்து பிடித்து வருவார்கள். பிரேதம் எந்தச் சவக்கிடங்கில் என்பார்கள். தாய் வழி எது, யார் முன்னின்று அடக்கம் செய்வது என்பார்கள். உயிரோடு இருந்தபோது வந்ததைவிட நூறு மடங்கு கேள்வி வரும். போவாடிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு கிழவரை எப்படிக் கொல்லலாம் என்று அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிறோம் என்பது ஒரு பக்கம். அந்தக் கிழவரை நினைத்துக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது என்பது இன்னும் மோசம்.

மறுநாள் தன் நிகழ்ச்சி முடிந்ததும் கழுவிய குடுவையை எடுத்துக்கொண்டு ஆஷ்டவுனுக்குப் போனார். டூஃபியே குடியிருந்தது நாலு பக்கமும் அறைகள், நடுவில் திறந்த முற்றம் என்று பல குடித்தனங்கள் இருந்த வீடு. அவள் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கறியை நறுக்கிக்கொண்டிருந்தாள். கரி அடுப்பில் தண்ணீர் ஏற்கெனவே கொதித்தது.

"வாங்க ஐயா. நல்ல நேரத்துல வந்தீங்க. தானோ ஐயாவுக்கு ஃபுஃபு ஒத்துக்கிச்சா, இல்ல கிழங்கு வேகவெச்சுத் தரவா?"

"அக்கா, தானோன்னு யாரும் இல்ல."

டூஃபியேயின் கத்தி நின்றது. "போயிட்டாரா?" என்றாள். இரண்டு கையும் தலைக்குப் போயின. தலைத்துணி அவிழ்ந்து தோளில் விழுந்தது. "எப்ப? ஐயோ, தனியாவா இருந்தார்?"

"இல்லக்கா, இல்ல. சாகல. அப்படி ஒரு ஆளே கிடையாது. அது நான்."

"நீங்கன்னா?"

"நான்தான் அந்தப் பேர்ல எழுதினேன். எல்லாம் நானே எழுதினது."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் இன்னும் வந்து சேரவில்லை. கணக்குப் புரியாத ஆள் மாதிரி இருந்தாள். "எதுக்கு?"

"என்னை யாராவது தேடறாங்களான்னு பார்க்க."

"தேடினாங்களா?"

"இல்ல."

"அப்ப அழுததும் நீங்களேதான்."

"ஆமா."

டூஃபியே தலைத்துணியை எடுத்து மெதுவாகக் கட்டிக்கொண்டாள். "சூப்பு?"

"நான்தான் சாப்பிட்டேன்."

"ஃபுஃபுவும்?"

"ம்."

"எங்க வெச்சு?"

"கார்ல."

"கார்ல" என்றாள் அவள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம், "கார்ல" என்றாள். "நான் என் வீட்டுக்காரர் கால நினைச்சுக்கிட்டுக் காரத்தக் குறைச்சேன். அவருக்கு அப்ப ஒரு வாய் ஊட்ட முடியாமப் போச்சேன்னு நினைச்சுக்கிட்டு. நீங்க அதக் கார்ல வெச்சுக் குடிச்சீங்க."

வானொலியில் இருபத்தைந்து வருடம் ஒரு நொடி மௌனம் விழ விடாத மனிதர், இரண்டு கையாலும் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ரெண்டு நாள் எதுவும் எழுதலேன்னா நர்ஸம்மா எனக்குப் போன் பண்ணுவாங்க" என்றாள் டூஃபியே. "போவாடிக்கு உடம்பு சரியில்லையா, போய்ப் பார்க்கணுமான்னு. டெப்பாக்காரர் கேப்பார். நான் கேப்பேன். அது உங்களுக்குப் பத்தல."

அதற்குத்தான் அவர் தயாராக இருக்கவில்லை. வசவுக்கு, அழுகைக்கு, வெளியே போங்கள் என்பதற்கெல்லாம் வரும் வழியில் பதில் தேடி வைத்திருந்தார்.

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். "உட்காருங்க. நறுக்கின கறிய ஆட்டுல திரும்ப ஒட்டவா முடியும்? நாளைக்கு வர்றதாச் சொன்ன ஆறு பேருக்கும் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவர் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தார். அடிவோவில் ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான், அழிக்க முடியாது. பத்தி பத்தியாக வரவில்லை. தானோ நான்தான் என்று ஒரு வரி. சூப்பை நான் சாப்பிட்டேன் என்று ஒரு வரி. அனுப்பிவிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. அங்கே ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளில் யார் படித்தார், யார் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று அறிய எந்த வழியும் கிடையாது.

எதிர் அறைக் கதவு திறந்தது. கையில் ஒரு தட்டு நிறையக் கத்தரிக்காயோடு ஒரு கிழவர் வெளியே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"டூஃபியே, இவர்தானா அந்தக் கால் வலிக்காரர்? எழுந்து நடக்கற அளவுக்கு ஆயிட்டாரா? நாங்க எல்லாருமா சேர்ந்து ஜெபம் பண்ணினோம் ஐயா, ஞாயித்துக்கிழமை, இந்த முற்றத்துலயே. சூப்புல போட நான் கத்தரிக்கா கொண்டாந்திருக்கேன், பாருங்க."

போவாடி டூஃபியேயைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. கறி கத்தியின் கீழ் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அடுத்த அறையிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு திரை விலகியது. "வந்துட்டாரா?" என்று உள்ளே யாரோ கேட்டார்கள்.

"நான் தானோ இல்லீங்க" என்று போவாடி எழுந்து நின்றார். கிழவர் ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, தட்டோடு இன்னும் கிட்டே வந்தார்.